ஆயுத பூஜைப் பொட்டு அழியாத பூட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லால்குடி பக்கம் ஒரு கிராமத்தில் 31 ஆண்டு அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இந்தக் கோடையில் மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு நாலைந்து இடங்களுக்குப் போய்வந்தேன். பேத்தி, போன ஆயுத பூஜை வாரத்தில் பிறந்தவள். போய்வந்ததில், பேருந்து நிலையத்துப் பாலூட்டும் அறை பற்றிய ஒரு விஷயம் மனதை விட்டு இறங்கவே மாட்டேன் என்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இந்த வெயிலில் ஊர் சுற்ற வேண்டுமா என்று எங்கள் தெருவில் கேட்காத ஆளில்லை. எங்கள் வீட்டுக்காரரே கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே இங்கேயும் சொல்கிறேன். மகள் முதல் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள். மாப்பிள்ளைக்குக் கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு கம்பெனியில் வேலை. நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கிக்கொண்டு வீடு தேடிக்கொண்டிருக்கிறார், மாதம் இரண்டு முறை வந்து போவார். மாசி மாதம் ஒரு நாள் சாயங்காலம் கொடியில் காய்ந்த குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டே மகள், "அம்மா, நான் நம்ம தெரு முனையைத் தாண்டி நாலு மாசம் ஆச்சு" என்றாள். குறையாகக்கூடச் சொல்லவில்லை, சும்மா சொன்னாள். எனக்குத்தான் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருடம் குழந்தைகளை மாதாமாதம் தராசில் வைத்து எடை பார்த்து அட்டையில் புள்ளி வைத்தேன். குழந்தையின் எடைக்கு அட்டையில் கோடு இருந்தது, தாயின் முகம் எப்படி இருக்கிறது என்று குறிக்க ஒரு கட்டமும் இல்லை. அதனால் எத்தனை பெண்களின் முகத்தைப் பார்க்காமல் விட்டேனோ.

சரி, முதலில் பக்கத்திலேயே போகலாம் என்று முக்கொம்புக்குப் போனோம். வெயில் தாழ்ந்து நாலரை மணிக்குக் கிளம்பி, இருட்டுவதற்குள் வீடு திரும்பினோம். மேட்டூர் ஜூன் 12-க்குத்தானே திறப்பார்கள். காவிரியில் பாதிக்கு மேல் மணல்தான். ஆனாலும் கொள்ளிடம் பிரிகிற இடத்தில் மரத்தடியில் பாயை விரித்து உட்கார்ந்தபோது, மகள் எனக்கு முதுகைச் சாய்த்துக்கொண்டு அரை மணி நேரம் ஒன்றும் பேசாமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்கே முடிவு செய்தேன், இந்தக் கோடையில் இவளை வீட்டில் அடைத்து வைப்பதில்லை என்று.

அப்புறம் பங்குனியில் ராமேசுவரம். திருச்சியிலிருந்து காலை ரயில். பேத்திக்கு ஆறு மாதம் முடிய இன்னும் பத்து நாள் இருந்தது. முன்பதிவில்லாத பெட்டிதான், ஆனால் சீக்கிரமே போய்விட்டதால் எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சும் கிடைத்தன. புதுக்கோட்டை தாண்டுவதற்குள் தூளி கட்டிவிட்டேன். நான் என் பிள்ளைகளுக்குக் கட்டியது போலத்தான். நைந்து மெத்தென்று ஆகிப்போன பழைய நூல் சேலை ஒன்று, இந்தப் பக்க மேல் பலகையின் கம்பியில் ஒரு முனை, அந்தப் பக்கக் கம்பியில் மறுமுனை. இரட்டை முடிச்சு. முடிச்சுப் போட்டதும் குழந்தையைப் போட்டுவிடக் கூடாது. முதலில் இரண்டு கையையும் உள்ளே வைத்து முழு பலத்தோடு அழுத்திப் பார்க்க வேண்டும். தூளியின் அடி, பெஞ்சின் உயரத்துக்கு மேலே போகக் கூடாது. துணி முகத்தில் மூடாமல் இருக்கக் குறுக்கே வைக்கும் கட்டையை வீட்டிலிருந்தே பையில் கொண்டுபோயிருந்தேன். யாராவது ஒருவர் கை தூளியின் மேலேயே இருக்க வேண்டும், தூக்கம் வந்தால் கை மாற்றிக்கொள்ள வேண்டும். ரயில் ஆட்டுகிற ஆட்டத்துக்கு நாம் ஆட்டவே வேண்டியதில்லை. காரைக்குடி வரை கண் திறக்கவில்லை பாப்பா.

டிக்கெட் பரிசோதகர் வந்தார். தூளியைப் பார்த்ததும் ஏதாவது சொல்வாரோ என்று பயந்தேன். குனிந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் டிக்கெட்டைக் குரலே எழுப்பாமல் கையை நீட்டி வாங்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருவர், மானாமதுரை வரும் வரை விடாமல், "கொஞ்சம் தண்ணி குடுங்க, பச்சப் புள்ளைக்கு நாக்கு வறண்டுடும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அன்பால் சொன்னதுதான். ஆனால் இது தெரிய வேண்டிய விஷயம் என்பதால் எழுதுகிறேன். ஆறு மாதம் முடியாத, தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தைக்கு எந்த வெயிலிலும் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87, 88 பங்கு தண்ணீர்தான். வெளியில் கொடுக்கும் தண்ணீர் வயிற்றை நிரப்பிப் பாலைக் குறைத்துவிடும், சுத்தமில்லை என்றால் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். தண்ணீர் குடிக்க வேண்டியது தாய். அவள் மோரோ, எலுமிச்சைச் சாறோ, பானைத் தண்ணீரோ தாராளமாகக் குடித்து, குழந்தைக்கு வழக்கத்தைவிட அடிக்கடி பால் கொடுத்தால் போதும். குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்கிறதா என்று மட்டும் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். இதை அந்த அம்மாளுக்கும் சொன்னேன். பரமக்குடியில் இறங்கும்போது, "என் மருமக மாசமா இருக்கா, சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடிக்கடி பால் கொடுக்க வேண்டும் என்று வாயால் சொல்லிவிடலாம். எங்கே உட்கார்ந்து கொடுப்பது? ராமநாதபுரம் தாண்டியதும் பெட்டியில் கூட்டம் ஏறிவிட்டது. மண்டபம் வரும்போது பாப்பாவுக்குப் பசி. பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் ரயில் ஏறியது. பெட்டியில் இருந்த அத்தனை பேரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். பக்கத்தில் 1914-இல் கட்டிய பழைய பாலம், இரண்டு பக்கமும் கடல், காற்று அப்படியே முகத்தில் அடிக்கிறது. என் மகள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, துப்பட்டாவைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கிலோமீட்டர் பாலம். ரயில் மெதுவாகத்தான் போனது. கடலை அவள் பார்க்கவில்லை.

ராமேசுவரம் கோயிலில் அந்தக் கஷ்டம் இல்லை. நானும் அவளும் முறை வைத்து ஒருவர் தீர்த்தமாட, ஒருவர் குழந்தையை வைத்துக்கொண்டோம். மூன்றாம் பிரகாரத்தில் வெயிலே தெரியாது, கல்லில் கால் வைத்தால் குளிர்ச்சி. 1212 தூண்கள் என்று சொல்வார்கள். அதில் ஒரு தூணின் ஓரமாக உட்கார்ந்து என் மகள் நிம்மதியாகப் பால் கொடுத்தாள். பக்கத்துத் தூணடியில் இன்னொரு பெண், வடநாட்டுக்காரர், அவரும் மடியில் குழந்தையோடு. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

வைகாசி பிறந்ததும் ஊட்டிக்குக் கிளம்பினோம். கோயம்புத்தூரில் மாப்பிள்ளை வந்து சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. நேர் பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை, மாறிப் போனோம். அரசுப் பேருந்தில் ஐந்து வயது வரை டிக்கெட் கிடையாது, 2022-இலிருந்து அப்படி. கண்டக்டர் நல்ல மனிதர், இரண்டு பேரை எழுப்பி எங்களை இடப்பக்க ஜன்னலில் உட்கார வைத்தார். இது தெரிந்து செய்த உதவி. மே மாதத்தில் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது, மேற்கே போகிற பஸ்ஸில் வலப்பக்கம் உட்கார்ந்தால் வழியெல்லாம் குழந்தையின் மேல் வெயில் விழும்.

பஸ் மாறிய ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. அந்த ஊரை மட்டும் குறை சொல்வது என் நோக்கமில்லை. பெரிய ஊர், பெரிய பேருந்து நிலையம். மணி ஒன்றரை. கத்திரி வெயிலில் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. பேத்திக்கு ஏழு மாதம் முடிந்து காலையில் கேழ்வரகுக் கூழ் சாப்பிடப் பழகியிருந்தாள். ஆனால் அந்த வெயிலில் கூழும் வேண்டாம், கொதித்து ஆறிய தண்ணீரும் வேண்டாம் என்று வாயை இறுக மூடிக்கொண்டு தாயின் மார்பையே முட்டினாள். சுவரில் பெரிதாக எழுதியிருந்தது, 'தாய்மார்கள் பாலூட்டும் அறை' என்று. தாய் ஒருத்தி குழந்தையை அணைத்திருக்கும் படமும் அழகாக வரைந்திருந்தார்கள். அப்பாடா என்று போனோம். கதவு பூட்டியிருந்தது.

பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சாவித் துவாரத்துக்கு மேலே சந்தனம் வைத்து நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு. காய்ந்து ஓரமெல்லாம் வெடித்திருந்தது, ஆனால் வைத்தவரின் விரல் பதிந்த தடம் அப்படியே இருந்தது. தினமும் திறந்து பூட்டுகிற பூட்டில் பொட்டு நிற்குமா? என் அங்கன்வாடிப் பூட்டுக்கும் ஒவ்வொரு வருடமும் பொட்டு வைத்தவள்தான் நான். மூன்றாம் நாள் இருக்காது, என் கையிலேயே ஒட்டிக்கொண்டு போய்விடும். இந்தப் பூட்டைக் கை தொட்டு ஏழு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. என் பேத்தி பிறந்த வாரத்திலிருந்து, அவள் கவிழ்ந்து, தவழ்ந்து, இரண்டு பல் முளைக்கும் வரை, அந்தக் கதவு ஒரு தாய்க்கும் திறக்கவில்லை.

நேரக் காப்பாளரிடம் போனேன். சாவி ஆபீஸில் இருக்கும் என்றார். ஆபீஸில் சாப்பாட்டு நேரம். கூட்டிப் பெருக்கும் பெண்தான் உண்மையைச் சொன்னார்: "உள்ள பிளீச்சிங் பவுடர் மூட்ட அடுக்கியிருக்காங்கம்மா. தொறந்தாலும் பாப்பாவ வெச்சுக்கிட்டு உக்கார முடியாது." கதவு இடுக்கில் மூக்கை வைத்தேன், நெடி குப்பென்று ஏறியது.

பூக்கட்டும் பெண் ஒருவர்தான் கூப்பிட்டார். "அக்கா, பாப்பாவத் தூக்கிட்டு இங்க வாங்க." தன் பெரிய குடைக்கு அடியில், பூவின் மேல் போடும் ஈரச் சாக்கை விரித்துக் கொடுத்தார். சாலையைப் பார்த்த பக்கம் நான் என் மாற்றுச் சேலையைப் பிரித்துப் பிடித்தேன், மறுமுனையை அவர் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் வாடிக்கையாளருக்குப் பூ முழம் போட்டார். உள்ளே எட்டிப் பார்த்தேன். குழந்தையின் நெற்றியில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. வியர்வை என்று நினைத்தேன். மகள் அழுதுகொண்டிருந்தாள். "இனிமே எங்கயும் வேணாம்மா, வீட்டுக்குப் போயிடலாம்" என்றாள்.

ஆசிரியர் அவர்களே, அந்தச் சொல்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

2015 ஆகஸ்டில், உலகத் தாய்ப்பால் வாரத்தின்போது, அன்றைய முதல்வர் ஜெயலலிதா தமிழ்நாடு முழுவதும் 350-க்கும் மேற்பட்ட பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்து வைத்தார். எங்கள் பக்கம் அப்படித் திறந்த ஓர் அறைக்கு, என் மையத்துத் தாய்மார்கள் ஆறு பேரை நானே அழைத்துக்கொண்டு போனேன். மின்விசிறி, நாற்காலி, கை கழுவத் தொட்டி, எல்லாம் இருந்தது. ஒருத்தி உள்ளே உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டு வந்து, "டீச்சர், நம்மளையும் ஒரு ஆளா நெனச்சிருக்காங்க" என்றாள். நாடே பார்த்துப் படிக்க வேண்டிய வேலை அது, இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு ஆகஸ்டிலும் 1 முதல் 7 வரை நாங்கள் ஊர்வலம் போயிருக்கிறோம். 'ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், இரண்டு வயது வரை தாய்ப்பாலும் இணை உணவும்' என்று அட்டையில் எழுதி வீடு வீடாகப் போய் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். புட்டிப்பாலை எடுத்தால் திட்டியிருக்கிறேன். இப்போது என் மகள் என்னைப் பார்த்து, "அதான் குடுக்கச் சொன்னியே, எங்க உக்காந்து குடுக்கறது?" என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அந்தக் காலத்தில் நீங்கள் பஸ்ஸிலேயே முந்தானையை மூடிக்கொண்டு கொடுக்கவில்லையா என்று கேட்பார்கள். கொடுத்தேன்தான். எனக்குச் சேலை இருந்தது, சுற்றிலும் ஒருவர் கையிலும் செல்போன் இல்லை. என் மகள் சுடிதார் போடுகிறவள். யாராவது படம் எடுத்துவிடுவார்களோ என்ற பயம் அவளுக்கு ஒரு நிமிடமும் விடுவதில்லை. பயத்தோடு உட்கார்ந்தால் பாலும் சரியாக இறங்காது, இது தாய்மார்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஊட்டிக்குப் போகாமல் திரும்பவில்லை. மாப்பிள்ளை கோயம்புத்தூரில் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டே காத்திருந்தார். "அத்தை, இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, மேல போயிட்டு வந்துடலாம்" என்று அவர்தான் தேற்றிக் கூட்டிப்போனார். அரசுப் பேருந்தில் போனதால் இ-பாஸ் தொல்லை இல்லை. மலை ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைத்துக் குழந்தை அழும். அப்போது பால் குடிக்க வைத்தால், விழுங்க விழுங்கக் காது திறந்துகொள்ளும். அதனால் குன்னூர் வளைவுகளில் ஜன்னலோரத்தில் மகளை உட்கார வைத்து நாங்கள் இருவரும் மறைத்துக்கொண்டோம். தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டம் வருவதற்கு முன் காலையிலேயே போனோம். புல்தரையில் பாப்பாவை இறக்கிவிட்டதும் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டாள். ஈரப்புல் கூசியிருக்கிறது. மறுபடி மெதுவாக ஒரு காலை வைத்தாள், எடுத்தாள், வைத்தாள். மகள் வாய்விட்டுச் சிரித்தாள். பிரசவத்துக்கு அப்புறம் அந்தச் சிரிப்பை அன்றைக்குத்தான் கேட்டேன். அழுக்கு டயப்பர்களை மட்டும் மலையில் போட மனமில்லாமல் மூடிபோட்ட டப்பாவில் கீழே கொண்டுவந்துவிட்டோம். போகிறவர்கள் எல்லோரும் அதைச் செய்தால் நல்லது.

புதிதாக ஒன்றும் கட்டச் சொல்லிக் கேட்கவில்லை. அறை இருக்கிறது, பெயர்ப் பலகை இருக்கிறது. அதைத் திறந்து வைக்க ஓர் ஆள் பொறுப்பு வேண்டும். அந்தந்த ஊரின் மகளிர் சுயஉதவிக் குழுவிடம் கொடுங்கள், அறை வாசலிலேயே அவர்கள் ஒரு சிறு கடை போட்டுக்கொள்ளட்டும், அறையும் திறந்திருக்கும், அவர்களுக்கும் வருமானம். சாவி யாரிடம் இருக்கிறது, எந்த எண்ணில் கூப்பிட வேண்டும் என்று கதவிலேயே எழுதிப் போடுங்கள். ராத்திரி பஸ்ஸில் வருகிற தாய்க்கும் பசிக்கிற குழந்தை இருக்கும், எட்டு மணிக்குப் பூட்டிவிடாதீர்கள். உள்ளே கைப்பிடி வைத்த நாற்காலி இரண்டு, குழந்தையைப் படுக்க வைத்துத் துணி மாற்ற இடுப்புயரத்தில் ஒரு மேடை, தண்ணீர் வருகிற குழாய், உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தால் போதும். மின்விசிறி ஓட வேண்டும். மூட்டை எதையும் அடுக்கக் கூடாது. சில ஊர்களில் இந்த அறையைக் கழிவறைக்கு ஒட்டினாற்போல் வைத்திருக்கிறார்கள், அதையும் மாற்ற வேண்டும். நாம் யாராவது அந்த நாற்றத்தில் உட்கார்ந்து சாப்பிடுவோமா?

அறை நன்றாக இருக்கிற ஊர்களும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. உங்கள் நாளிதழின் நிருபர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வரும் ஆகஸ்ட் 1-ஆம் தேதி தாய்ப்பால் வாரம் தொடங்குகிறது. அதற்கு முன் ஒரே ஒரு நாள், அவரவர் ஊர்ப் பேருந்து நிலையத்தில் அந்த அறை திறந்திருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று பார்த்துப் படத்தோடு போடுங்கள். திறந்திருக்கிற ஊரின் பெயரைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

மாப்பிள்ளைக்கு வீடு அமைந்துவிட்டது. ஆவணி பிறந்ததும் மகளையும் பேத்தியையும் கோயம்புத்தூரில் கொண்டு விடப் போகிறேன். பஸ் அந்த ஊரில் கால் மணி நேரம் நிற்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
லால்குடி வட்டம், திருச்சி மாவட்டம்.